கைக்காசும் அலுமாரித் திறப்பும்

மகன்,

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்காலைத் தவிர வேறு குறை இல்லை. அந்த முழங்காலும் மழை வரப்போவதை ரேடியோக்காரருக்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுகிறது என்பதால் அதையும் நான் குறையாக எடுப்பதில்லை. நீ கட்டாருக்குப் போய் இறங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் எடுக்கிறாய்தான். ஆனால் போனில் நான் எதைத் தொடங்கினாலும் "ஓம் சித்தப்பா, ஓம் சித்தப்பா" என்றுவிட்டு, சின்னம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்கிறாய். கடிதத்தில் அது நடக்காது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். அந்த எட்டாம் வகுப்பில் என் கையெழுத்துக்குக் கிட்ட நிற்க இந்த வன்னியிலேயே ஒருவன் இருக்கவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாத்தியார் என் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் காட்டித் திரிந்தார். சின்னம்மா இதைக் கேட்டால், பக்கத்து வகுப்புக்குத்தான் கொண்டுபோனார் என்று சொல்லுவார். இருக்கட்டும். விஷயம் பாரமானது, அதனால் எழுதுகிறேன்.

நீ வெளிக்கிட்ட அன்று காலை, வாகனம் படலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, என்னை அறைக்குள் கூப்பிட்டாய். கலியாணத்துக்கு வாங்கிய இரும்பு அலுமாரிக்குள் சிறுபோக நெல் விற்ற காசையும் கலியாணத்தில் வந்த அன்பளிப்புக் காசையும் ஒன்றாக வைத்துப் பூட்டினாய். இரண்டு திறப்பில் ஒன்றை உன் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டாய். மற்றதை என் உள்ளங்கையில் வைத்து, "அவளுக்குத் தேவையெண்டால் உங்களிட்டக் கேப்பாள் சித்தப்பா, பாத்துக் குடுங்கோ" என்று சொன்னாய். மாதச் செலவுக்கு அவளுடைய பாங்குக் கணக்குக்கு நீ அனுப்புகிறாய். அதை அவள் கிளிநொச்சிக்கு பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொள்கிறாள். உன் கணக்கில் எல்லாம் சரி. எனக்கும் அன்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்தத் திறப்பை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். தேநீர்க் கடையில் ஒருவரும் கேட்காமலே அதை இழுத்துக் காட்டி, என்ர மகன் தன்ர வீட்டையே என்ர இடுப்பில கட்டிப்போட்டுப் போயிருக்கிறான் என்று சொன்னேன். ஆனால் உன் மனைவி நிரோஜாவுக்கு மார்கழியில் பிள்ளை கிடைக்க இருக்கிறது. மார்கழியில்தான் எங்கள் குளம் நிரம்பி வான் பாய்கிறது. வான் பாய்ந்தால் ரோட்டுக்கு மேலே இடுப்பளவு தண்ணீர் ஓடும். அந்த வீட்டுக்குள் அவளுடைய கைக்கு எட்டுகிற காசு எவ்வளவு என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? நான் இரண்டு மாதமாக யோசிக்கவில்லை. போன கிழமைதான் யோசித்தேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காசைக் கையிலே வைத்திருப்பது என்றால் எங்கள் குடும்பத்தில் முதலில் உன் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும். அண்ணர் பாங்குப் பக்கம் போகவே மாட்டார். விற்றது, வாங்கியது, சேர்த்தது எல்லாம் தாள் தாளாக ஒரு துணிப்பைக்குள் இருக்கும். சண்டைக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து உடையார்கட்டு வரைக்கும் அந்தப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் வந்தார். பை நிறையக் காசு இருந்தது. வாங்குவதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை. உனக்கு ஒரு பால்மாப் பெட்டி வாங்குவதற்கு அவர் தாள்களைப் பிடி பிடியாக அள்ளிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விற்றவன் எண்ணிப் பார்க்கவும் இல்லை. அவரும் உன் அம்மாவும் ஒரே நாளில், ஒரே பங்கர் வாசலில் போன பிறகு அந்தப் பை என் கைக்கு வந்தது. முகாமில் கூடாரக் கயிற்றில், நனைந்து ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக் காயப்போட்டேன். சில தாள்கள் உரிக்கிறபோதே கையோடு கிழிந்து வந்தன. நான் எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுகிறவன், ஊருக்கே தெரியும். இதில் மட்டும் ஒரு சொல்லையும் கூட்டியதில்லை.

அதனால்தான் சொல்லுகிறேன், வீடு நிறையக் காசு வைத்திருப்பது கெட்டித்தனம் இல்லை. காலம் பிழைத்தால் அது வெறும் தாள். நனையும், கறையான் தின்னும், கள்ளன் கொண்டுபோவான். ஆனால் நான் என்ன செய்தேன்? அண்ணருடைய பையைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கத்துக்குப் பாய்ந்தேன். முகாமில் இருந்த அந்தக் காலம் முழுக்க எங்களுக்கு வாசலில் தொங்கியது ஒரு துணிதான். பூட்டுவதற்குக் கதவும் இல்லை, பூட்டி வைக்கப் பொருளும் இல்லை. ஒரு பூட்டு, ஒரு திறப்பு என்று எனக்கு மனதுக்குள் ஒரு ஏக்கம் ஊறிக் கிடந்தது. அப்படிக் கிடந்தவனுக்குத்தான் அது விளங்கும். ஊருக்கு, அக்கராயனுக்குத் திரும்பி வந்து, முதல் காலபோக நெல்லை வெட்டி, கையில் காசைக் கண்டதும் நான் வாங்கியது கட்டிலும் இல்லை, கதிரையும் இல்லை. வவுனியாவுக்குப் போய்த் தேக்கு அலுமாரி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு அப்போது கூரையில் பாதி தறப்பாள். அதற்குக் கீழே தேக்கு அலுமாரி. அதை உள்ளே இறக்கப் பன்னிரண்டு ஆம்பிளைகள் மூச்சுப் பிடித்தார்கள். சின்னம்மா நாலு பேர் என்பார். அவர் குசினிக்குள் நின்றவர், எட்டுப் பேரைப் பார்க்கவில்லை.

அந்த அலுமாரியின் கதை உனக்குத் தெரியும் என்று நீ நினைப்பாய். உன் கலியாணத்திலும் சொன்னேன், எல்லோரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். ஆனால் கதையில் சிரிப்பு வருகிற பகுதியைத்தான் இவ்வளவு காலமும் சொல்லி வந்திருக்கிறேன். நிரோஜாவின் காரியம் வந்தபடியால் இப்போது முழுவதையும் சொல்லுகிறேன், பொறுமையாகக் கேள்.

அப்போது உனக்குப் பத்து வயது. சின்னனிலிருந்தே உனக்குத் தொய்வு. குளிர் பட்டால் மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். மார்கழி மழை. நான் பழைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்றை விலை பேச வவுனியாவுக்குப் போயிருந்தேன். அலுமாரிக்குள் நெல்லுக் காசு. திறப்பு என் அரைஞாண் கயிற்றில். நான் போன மறுநாள் குளம் வான் பாய்ந்தது. கரண்ட் போனது, போன் போனது, அன்று பின்னேரம் உனக்கு இழுக்கத் தொடங்கியது. உதடு நீலமாக வருவதைப் பார்த்துவிட்டு சின்னம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு, உழவு மெசின் வைத்திருந்த சிவத்தின் வளவுக்கு ஓடியிருக்கிறார். அந்தத் தண்ணீருக்குள்ளால் கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகக்கூடியது அந்த மெசின் ஒன்றுதான். சிவம் நல்ல மனிசன். "எனக்கு ஒரு சதமும் வேண்டாம் அக்கா. மெசினுக்கு எண்ணெய் வேணும், தாங்கி காய்ஞ்சு கிடக்கு" என்றான். டீசல் போத்தலில் விற்கிற கடை பக்கத்தில்தான். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு எவன் கடன் தருவான்? எல்லோரும் வெறுங்கையோடு திரும்பி வந்தவர்கள், கடைக்காரனும் அப்படித்தான். சின்னம்மா கையில் கிடந்த ஒரேயொரு காப்பைக் கழற்றி நீட்டினார். "இதைக் குடுத்து நாளைக்கு நான் எண்ணெய் எடுக்கேலாது தங்கச்சி" என்று கடைக்காரன் சொன்னான். அவனிலும் பிழை இல்லை. மழைக்குள் நின்ற ஊரில் அன்று தங்கத்துக்கு மதிப்பு இல்லை, பாங்குப் புத்தகத்துக்கு மதிப்பு இல்லை. மதிப்பு இருந்தது தாளுக்குத்தான். தாள் எங்கள் வீட்டிலேயே, என் பூட்டுக்குப் பின்னால் இருந்தது.

சின்னம்மா உன்னை சிவத்தின் மனைவியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, விறகு கொத்துகிற கோடாலியை எடுத்தார். பன்னிரண்டு பேர் தூக்கிய தேக்குக் கதவை அந்த ஒல்லிக் கையால் பிளந்தார். உள்ளே இருந்ததெல்லாம் ஐயாயிரத் தாள். பெரிய தாளாக வைத்திருந்தால்தான் ஆம்பிளைக்கு அழகு என்று, நெல் முதலாளியிடம் கேட்டு அப்படி வாங்கி வைத்தவன் நான். கடைக்காரனிடம் மாற்றிக் கொடுக்கக் காசில்லை. ஒரு முழுத் தாளைக் கொடுத்துச் சில போத்தல் டீசல். அங்காலே கிளிநொச்சியில், தண்ணீர் இல்லாத இடத்தில் மெசினை விட்டிறங்கிப் பிடித்த ஓட்டோக்காரனிடமும் மாற்றிய காசில்லை. அவனுக்கும் ஒரு முழுத் தாள். ஆஸ்பத்திரியில் உன் மூக்குக்கு மூடி போட்டு மருந்துப் புகை பிடித்தார்கள். விடிகிறபோது நீ கண் திறந்து சோடா கேட்டாயாம். சோடா விற்ற பெட்டிக்கடையிலும் அந்தத் தாளை மாற்ற முடியவில்லை. கடைக்காரப் பெண் சும்மா கொடுத்தாராம்.

தண்ணீர் வடிந்து நான் வந்து சேர்ந்தபோது வீடு வெறுமையாகக் கிடந்தது. அலுமாரி பிளந்து கிடந்தது. "கள்ளன், கள்ளன்" என்று கத்தி ஊரைக் கூட்டினேன். இதுதான் உனக்குத் தெரிந்த பகுதி. ஐந்தாறு பேர் வந்திருக்கிறார்கள் என்றேன். ஆயுதம் வைத்திருந்திருப்பார்கள் என்றேன். சேற்றில் இருந்த கால் தடத்தைக் காட்டி, இவன் நொண்டி என்றுகூடச் சொன்னேன். பிறகு சிவம் வந்து என் காதுக்குள் விஷயத்தைச் சொன்னான். அந்தக் கால் தடம் சின்னம்மாவுடையது. விழுந்து எழும்பி ஓடியபடியால் ஒரு கால் இழுபட்டிருந்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலடியில் சேறு காய்ந்த சேலையோடு இருந்த சின்னம்மா என்னைப் பார்த்துச் சொன்னதை ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது.

"திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும். கோடாலி என்னட்ட இருக்கு."

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்துவேன், எல்லோரும் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டது என்னவென்றால், உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு காலை, அந்த அலுமாரிக்குக் குறுக்கே நான் பலகை அடித்துக்கொண்டிருக்க, சின்னம்மா வந்து பக்கத்தில் நின்றார். ஆணிகளை உள்ளங்கையில் வைத்திருந்தார். என்னைப் பார்க்காமல், "ஒவ்வொரு கொத்துக்கும் வாசலைத்தான் பாத்தனான்" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஆரும் வந்திடுவினமோ எண்டு. என்ர வீடு, என்ர பிள்ளைக்கு மூச்சு நிக்கப் போகுது, நான் கள்ளி மாதிரி வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டனான்." அவ்வளவுதான் சொன்னார். அவர் உன்னைப் பெறவில்லை. ஆனால் பிள்ளை என்ற சொல்லில் ஒரு தட்டுத் தடங்கலும் இருக்கவில்லை. அவருக்கு உன்னில் உரிமை இருந்தது. என் காசில் இல்லை என்று அவரை நினைக்க வைத்தது நான் இடுப்பில் கட்டிய அந்த இரும்புத் துண்டு. அன்று அதை அவிழ்த்துக் குசினி ஆணியில் தொங்கவிட்டேன். இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.

இனி, எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். எனக்குத் தொகை சொல்லத் தெரியாது. இன்றைக்குச் சொன்னால் அடுத்த வருஷம் அது தேங்காய் வாங்கக் காணாது. சாமானாகக் கணக்குப் பார். எந்த நேரமானாலும் ஒரு வாகனத்தைப் பிடித்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வருகிற காசு, கூட்டிக்கொண்டு போகிறவனின் எண்ணெய்க் காசும் சேர்த்து. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கிறவர் சாப்பிட, தேநீர் குடிக்க, சவர்க்காரம், பிள்ளைத் துணி வாங்கக் காசு. ரோட்டைத் தண்ணீர் மூடி, ஏ.டி.எம். மெசினும் போன் கோபுரமும் செத்துக் கிடந்தால் வீடு ஒரு கிழமை சமைக்கிற காசு. பக்கத்து வளவில் ஒரு செத்தவீடு என்றால் வெறுங்கையோடு போய் நிற்காமல் இருக்க ஒரு சிறு தொகை. இதெல்லாவற்றையும் கூட்டினால் என்ன வருகிறதோ, அதுதான் வீட்டில் இருக்க வேண்டிய காசு. அதற்குக் குறையக்கூடாது. அதற்கு மேலே ஒரு தாளும் வேண்டாம், பாங்குக்குப் போகட்டும், அவளுடைய பேரிலேயே போகட்டும். பொங்கலுக்குப் பொங்கல் அன்றைய விலைக்கு மறுபடி கூட்டிப் பார்த்துச் சரிப்படுத்து. எடுத்துச் செலவழித்தால், அடுத்த காசு வருகிறபோது முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பு, பிறகு மற்றது.

எல்லாம் சின்னத் தாளாக இருக்க வேண்டும். நூறும் ஐந்நூறும், கொஞ்சம் இருபதும் ஐம்பதும். இக்கட்டான நேரத்தில் பெரிய தாள் வைத்திருப்பவன் ஒன்றுக்கு ஐந்து விலை கொடுக்கிறான், எங்களைக் கேள். பொலித்தீனில் சுற்றி, ஒரு பங்கைக் குசினியில் கை எட்டுகிற இடத்திலும் மற்றதை அலுமாரியிலும் வை, வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்காவது இடம் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரியக்கூடாது. இதில் நான் சொல்லுகிறபடி செய், நான் செய்தபடி செய்யாதே. தேக்கு அலுமாரி வந்த புதிதில் நான் கடையில் இருந்து அளந்த அளப்பில், அடுத்த நாளே மூன்று பேர் கைமாற்றுக் கேட்டு வந்து நின்றார்கள். இல்லை என்று சொன்னால் என் கதை பொய்யாகிவிடும் என்று மூன்று பேருக்கும் கொடுத்தேன். அதில் ஒருவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறான். கடைசியாக ஒன்று, அந்தக் காசுக்குக் கணக்குக் கேட்காதே. கணக்குக் கேட்கிற காசு அலுமாரியில் பூட்டிய காசுதான். அவசரம் எது என்பதை அந்த இடத்தில் நிற்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். நீ கட்டாரில் நிற்கிறாய்.

இவ்வளவும் தெரிந்த நான் ஏன் உன் திறப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று நீ கேட்பாய். சின்னம்மாவும் அதைத்தான் கேட்டார். தேநீர்க் கடைக் கதை அவருடைய காதுக்குப் போன அன்று சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னொரு கோடாலி வாங்க வேணுமோ?" என்று மட்டும் கேட்டார். நீ என்னை ஒரு பெரிய மனிசனாக்கிவிட்டுப் போனாய், எனக்கு அது இனித்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பெட்டிக்கடையில் கையிலிருந்த தாள்களைச் சின்னக் காசாக மாற்றிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நிரோஜா குசினி வாசலில் கதிரை போட்டு, வீங்கிய கால்களை ஒரு முக்காலியில் வைத்து வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். எழும்பப் பார்த்தாள், இருக்கச் சொன்னேன். அரைஞாண் கயிற்றிலிருந்து திறப்பை அவிழ்த்து வெண்டிக்காய்த் தட்டில் வைத்தேன். சின்னக் காசுப் பொட்டலத்தையும் வைத்தேன்.

"இதென்ன மாமா?"

"திறப்பு, பிள்ளை. கண் தெரியேல்லையோ?"

"அது உங்களிட்ட இருக்கட்டும் எண்டெல்லோ அவர் சொன்னவர்."

"இப்ப மாத்திச் சொல்லிப்போட்டான். நேற்று எனக்குத் தனியாப் போன் எடுத்தவன். 'சித்தப்பா, அதை நிரோஜாட்டக் குடுங்கோ, அவளை ஒருத்தரும் கணக்குக் கேக்கக்கூடாது' எண்டான். குரல் தழுதழுத்துப் போச்சு அவனுக்கு."

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உண்மையாவோ மாமா?"

"நான் எப்ப பொய் சொன்னனான்?"

அவள் சிரித்தாள். என்னை அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. திறப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, குனிந்தபடி வெண்டிக்காயைப் பார்த்துச் சொன்னாள். "போன கிளினிக்குக்கு நடந்துதான் போனனான் மாமா. கையில ஓட்டோக் காசு இருக்கேல்லை. பாங்குக்குப் போக பஸ்ஸுக்கும் இருக்கேல்லை. உங்களிட்டக் கேக்கக் கூச்சமா இருந்தது."

மகன், எங்கள் வீட்டுக்கும் அவளுடைய வீட்டுக்கும் இடையில் ஒரு வயல் வரம்புதான். அதைத் தாண்டி வந்து என்னிடம் கேட்பதைவிட, எட்டாவது மாதத்தில் வெயிலுக்குள் கிளினிக் வரைக்கும் நடப்பது அவளுக்கு லேசாக இருந்திருக்கிறது. நான் அப்போது கடையில் இருந்து திறப்பைக் காட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டி, லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிற சிவத்தின் மகன் கையில் கொடுத்துவிடுகிறேன். நிரோஜாவின் கண்ணில் இது படக்கூடாது. அந்தப் போன் நீ எடுக்கவில்லை, குரல் தழுதழுக்கவும் இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியட்டும். என் வாழ்நாளில் நான் கட்டிச் சொன்ன கதைகளை எவரும் நம்ப வேண்டும் என்று நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, சிரித்தால் போதும் என்றிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் ஒருத்தி நம்பியிருக்கிறாள். அதை மெய்யாக்குவது என் கையில் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை எங்களுக்கு எடுக்க முதல் அவளுக்கு எடு. வேறு ஒன்றும் விளக்க வேண்டாம். "திறப்பு கிடைச்சதோ?" என்று கேள்.

உன்னிடம் இருக்கிற மற்றத் திறப்பை லீவில் வரும்போது கொண்டு வா. அவளுடைய குசினிச் சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உன் சித்தப்பா
அக்கராயன்